இரவு இரண்டரை மணிப் படபடப்பு: காரணம் தெரியப் பதினான்கு மாதம்

எனக்கு அப்போது 43 வயது. வாலாஜாபேட்டையில் வீடு, இராணிப்பேட்டையில் காலணியின் மேல்பகுதியைத் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. 2023 ஏப்ரல் கடைசியில் ஓர் இரவு, இரண்டரை மணி இருக்கும், கிணற்றில் மூழ்கிக்கொண்டிருந்தவனை யாரோ முடியைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டதைப் போலத் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது என்று சொன்னால் போதாது; காதுக்குள்ளும் தொண்டைக்குள்ளும் அடித்தது. இடையிடையே ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது உள்ளேயிருந்து எட்டி உதைத்ததைப் போல வந்தது. பனியன் முழுக்க வியர்வை. மனைவியும் மகளும் கூடத்தில் ஏர்கூலர் போட்டுப் படுத்திருந்தார்கள். எழுப்பலாமா என்று கதவுவரை போனேன். மறுநாள் மகளுக்குத் தேர்வு என்பது நினைவுக்கு வந்ததும் திரும்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கியது, ஆனால் விடியும்வரை கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தேன். என் தந்தை 58 வயதில் தூக்கத்திலேயே இறந்தவர். அந்த நினைப்பு மட்டும்தான் அந்த இரவு முழுவதும் என்னோடு இருந்தது.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை வரத் தொடங்கியது. மே மாதத்தில் ஒருநாள் தாங்க முடியாமல், வீட்டில் சொல்லாமலேயே இருசக்கர வாகனத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனேன். இது நான் செய்த பெரிய முட்டாள்தனம். நெஞ்சு படபடக்கும்போது தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும் அல்லது யாரையாவது எழுப்பி அவரை வண்டி ஓட்டச் சொல்லிப் போக வேண்டும். நான் போய்ச் சேர்ந்து, சீட்டு எழுதி, இசிஜி எடுப்பதற்குள் படபடப்பு அடங்கிவிட்டது. இசிஜி சரியாக இருக்கிறது, இரத்த அழுத்தம் மட்டும் 150க்கு 96 என்றார்கள். ஓர் ஊசி போட்டு, நான்கு மணி நேரம் படுக்க வைத்து, 2,850 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அந்த இசிஜித் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்து, வெயிலில் காய்ந்த வண்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பதால் மூன்று மாதத்தில் பாதி மங்கிவிட்டது. எந்த இசிஜியையும் எடுத்த அன்றே கைப்பேசியில் படம் பிடித்து, தேதியோடு சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

நம் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அக்கினி நட்சத்திரத்தில் யாரிடம் சொன்னாலும் உடம்புச் சூடு என்றார்கள். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், "சார், இதெல்லாம் வாயுதான், ராத்திரியில பிரியாணி சாப்பிடுறதை நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். இளநீர், ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர் எல்லாம் குடித்தேன். ஒரு நாளைக்கு ஆறு டீ குடித்துக்கொண்டிருந்ததை இரண்டாகக் குறைத்தேன்; டீயும் காப்பியும் படபடப்பைக் கூட்டும் என்பது உண்மைதான் என்பதால் அதில் தவறில்லை, ஆனால் என் இரவுகள் மாறவில்லை. அம்மா கண்ணேறு என்று முடிவு செய்து சோளிங்கர் மலைக்கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். பெரிய மலையின் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் படிகளையும் நான்கைந்து இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். மூச்சு வாங்கியது, கால் வலித்தது, ஆனால் படபடப்பு மட்டும் வரவில்லை. அன்று இரவு வீட்டில் அசையாமல் படுத்திருந்தபோது வந்தது. மலை ஏறும்போது வராத ஒன்று படுத்திருக்கும்போது ஏன் வருகிறது என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, என்னைப் பார்த்த மருத்துவர்களும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜூலையில் ஓர் இதய மருத்துவரிடம் போனேன். என் சம்பளம், தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐக்கு அப்போதிருந்த 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டியது; தனிக் காப்பீடும் எடுத்திருக்கவில்லை; ஆகவே எல்லாமே கைக்காசு. இசிஜி, எக்கோ, டிரெட்மில் ஓட்டம், இரத்தத்தில் தைராய்டு, இரத்த அணு, பொட்டாசியம், சர்க்கரை என எல்லாவற்றுக்கும் சேர்த்து 7,000 ரூபாய் ஆனது. எல்லாம் சரியாகவே இருந்தன. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பரிசோதனைகள் வீண் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், இரத்த சோகை இருந்தாலும், பொட்டாசியம் குறைந்தாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும், அவற்றை முதலில் விலக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒவ்வொரு பரிசோதனையும் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எக்கோ இதயத்தின் அமைப்பையும் அது சுருங்கி விரியும் திறனையும் காட்டும். டிரெட்மில், உழைக்கும்போது இதயத்துக்கு இரத்தம் போதுமான அளவு போகிறதா என்பதைச் சொல்லும். இசிஜி, அதை எடுக்கும் அந்தச் சில நொடிகளில் மின்துடிப்பு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் பதிவு செய்யும். மூன்றையும் நான் காலை பதினொரு மணிக்கு, முழு விழிப்பில் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது ஹோல்ட்டர்: மார்பில் ஒட்டுகளை ஒட்டி, இடுப்பில் ஒரு சிறு பெட்டியைக் கட்டிவிடுவார்கள்; 24 மணி நேரமும் ஒவ்வொரு துடிப்பும் பதிவாகும். வாடகை 3,500 ரூபாய். இரவில் வரும் தொந்தரவுக்கு இதுதான் சரியான கருவி என்று மகிழ்ச்சியோடு கட்டிக்கொண்டு வந்தேன். குளிக்கக் கூடாது, ஒட்டுகளைச் சுற்றி வியர்வையில் அரித்தது, புரண்டால் கம்பி இழுத்தது. எங்கே ஒயர் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் நாற்காலியிலேயே சாய்ந்து உட்கார்ந்து, ஏறக்குறைய நான்கு மணிவரை விழித்திருந்தேன். அதன் பிறகுதான் ஒரு மணி நேரம் கண் அயர்ந்தேன். அறிக்கையில், குறிப்பிடத்தக்க கோளாறு ஏதுமில்லை, அங்கங்கே சில கூடுதல் துடிப்புகள் உண்டு, அவை பலருக்கும் வருபவைதான் என்று எழுதியிருந்தது. நான் ஏறக்குறைய தூங்கவே இல்லை என்பதை மருத்துவரிடம் சொல்லத் தோன்றவில்லை. அது முக்கியம் என்று எனக்குத் தெரிந்திருந்தால் அல்லவா சொல்வேன்! ஹோல்ட்டர் கட்டுபவர்கள் எத்தனை மணிக்குப் படுத்தோம், எப்போது எழுந்தோம், எப்போது படபடத்தது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் குறித்து, பெட்டியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த 24 மணி நேரத்தில் தொந்தரவு வரவில்லை என்றால், நோய் இல்லை என்று பொருளல்ல, சிக்கவில்லை என்றுதான் பொருள்.

இதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. வாயுவாக இருக்கலாம் என்று எண்டோஸ்கோப்பி எடுத்துக்கொண்டேன், 3,200 ரூபாய். சென்னைக்கு வாடகைக் காரில் போய் ஒரு முழு உடல் பரிசோதனை, காரோடு சேர்த்து 14,500 ரூபாய். கடைசியில் ஒரு மருத்துவர், எல்லாம் மனப்பதற்றம்தான் என்று சொல்லி, படுக்கும் முன் போட்டுக்கொள்ள அல்பிரசோலம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கு, ஏற்றுமதிப் பில்கள், மகளின் பத்தாம் வகுப்பு என்று கவலைப்படக் காரணம் இருந்ததால் நானும் நம்பிவிட்டேன். மாத்திரை போட்டால் உடனே தூக்கம் வந்தது உண்மை. ஆனால் நள்ளிரவில் எழும்போது முன்பைவிட மோசமாக இருந்தது. காலையில் தலை கனத்து வலித்தது. மதியம் கணினியின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி, கன்னத்தில் விசைப்பலகையின் அச்சோடு மேலாளரின் முன்னால் நின்றேன். கூடவே ஓர் அவமானமும் சேர்ந்துகொண்டது. மனப்பதற்றம் என்று ஒருவர் எழுதிய சீட்டைப் பார்த்த பிறகு, அடுத்தடுத்து நான் போன இரண்டு இடங்களிலும் என் பேச்சை முழுதாகக் கேட்கவே இல்லை. பதற்றத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து தூக்கிப் போடுகிற ஒன்றைப் பதற்றம் என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்தத் தூக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் 2021இல் 1,200 ரூபாய்க்கு வாங்கிய விரல்நுனி ஆக்சிஜன் மானி ஒன்று அலமாரியில் கிடந்தது. நாடித் துடிப்பை எண்ண அது உதவும் என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். திடுக்கிட்டு எழுந்ததும் விரலில் மாட்டுவேன். 112, 118 என்று காட்டும். அதை ஒரு நோட்டில் எழுதுவேன். அந்தச் சின்னத் திரையில் நாடி எண்ணுக்கு மேலே, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் இன்னொரு எண் இருந்தது. அது 87 என்று தொடங்கி, 90, 93 என்று ஏறி, அரை நிமிடத்துக்குள் 96இல் நின்றுவிடும். பழைய கருவி, பேட்டரி போய்விட்டது, அதனால்தான் நிலைக்கு வர நேரம் எடுக்கிறது என்று நினைத்தேன். இரண்டு முறை பேட்டரி மாற்றினேன். நான் தேடிக்கொண்டிருந்த விடை என் விரல்நுனியில் சிவப்பு எழுத்தில் எரிந்துகொண்டிருந்தபோது, நான் அதற்குக் கீழே இருந்த எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன்.

2024 மே மாதம் வேலூரில் ஒரு பொது மருத்துவரிடம் இரத்த அழுத்த மாத்திரைக்காகத்தான் போனேன். மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் குறையவில்லை. இளம் வயதுப் பெண் மருத்துவர். என் கோப்பைப் புரட்டிக்கொண்டே வரிசையாகக் கேட்டார்கள். இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறீர்கள்? மூன்று, நான்கு முறை. காலையில் தலைவலி உண்டா? உண்டு. பகலில் தூக்கம் வருமா? வரும். சட்டைக் காலர் அளவு என்ன? 17. எடை 94 கிலோ, உயரம் ஐந்தடி ஆறங்குலம் என்பது சீட்டிலேயே இருந்தது. பிறகு, "இரவில் உங்கள் பக்கத்தில் யார் படுக்கிறார்கள்?" என்றார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. யாரும் இல்லை, மூன்று ஆண்டாக நான் தனியறையில்தான் படுக்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். குறட்டை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். ஹோல்ட்டர் அறிக்கையைத் திரும்ப எடுத்து, மணிவாரியாகத் துடிப்பு அச்சிட்ட பக்கத்துக்குப் போய், நான்கிலிருந்து ஐந்து மணிவரையிலான வரியின் மேல் விரலை வைத்தார்கள். குறைந்தபட்சம் 48, அதிகபட்சம் 116. நான் தூங்கிய ஒரே ஒரு மணி நேரம் அது.

அன்று மாலைதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓராண்டுக்கு மேல் மறைத்திருந்ததற்காக முதலில் கோபப்பட்டாள், பிறகு அழுதாள். "என்னங்க, பக்கத்துல இருந்திருந்தா நான் பார்த்திருப்பேனே" என்றாள். அன்றிரவு என் அறைக் கதவருகே பாய் போட்டுப் படுத்து, கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்தாள். மறுநாள் காலையில் இருவரும் அடுப்படியில் நின்று அதைக் கேட்டோம். முதலில் மரம் அறுப்பதைப் போன்ற குறட்டை, ஏறிக்கொண்டே போகிறது, சட்டென்று நிற்கிறது. மின்விசிறியின் ஓசையும் தூரத்தில் ஒரு நாய் குரைப்பதும் மட்டும் கேட்கின்றன. நான் மனத்துக்குள் எண்ணத் தொடங்கி முப்பத்தொன்றுக்கு வந்தபோது, தொண்டை கிழிவதைப் போல ஒரு இழுப்பு, கட்டில் அதிரும் ஓசை, மறுபடியும் குறட்டை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குறட்டையைச் சிரிப்புக்குரிய விஷயமாகவே நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம். உறவினர் கல்யாண மண்டபங்களில் என்னைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளே தனி.

ஜூன் மாதம் தூக்கப் பரிசோதனை நடந்தது. மாலையே போய் மருத்துவமனையில் தங்க வேண்டும். தலையில், தாடையில், மார்பில், காலில் கம்பிகள், மூக்கில் காற்றை உணரும் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் மானி. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு தூக்கம் வருமா என்று பயந்தேன், நன்றாகவே வந்தது. கட்டணம் 9,000 ரூபாய். அறிக்கையில் மணிக்கு 41 முறை மூச்சு நின்றோ மிகவும் குறைந்தோ போயிருந்தது. மணிக்கு 30ஐத் தாண்டினாலே கடுமையான நிலை என்று வகைப்படுத்துகிறார்கள். ஒரு முறை 58 நொடி நின்றிருக்கிறது. ஆக்சிஜன் 74 வரை இறங்கியிருக்கிறது. இதைத் தூக்கத்தில் மூச்சுத்தடை (ஸ்லீப் அப்னியா) என்கிறார்கள். மருத்துவர் விளக்கியது இதுதான்: தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, மல்லாந்து படுக்கும்போது நாக்கும் பின்னால் சரிந்து, காற்றுப் பாதை மூடிக்கொள்கிறது. மூச்சு நிற்கும்போது இதயத் துடிப்பு மெதுவாகிறது. ஆக்சிஜன் குறைந்ததும் மூளை அபாயமணி அடிப்பதைப் போல நம்மை உலுக்கி எழுப்புகிறது. அந்த நொடியில் அட்ரினலின் பாய்ந்து, இதயம் குதிரையைப் போல ஓடுகிறது, கூடுதல் துடிப்புகளும் வருகின்றன. பெரும்பாலான முறை முழு விழிப்பு வராது. வருகிற ஒன்றிரண்டைத்தான் நான் படபடப்பு என்று எழுதி வைத்திருந்தேன். இரவில் அடிக்கடி சிறுநீர் வந்ததும், மாத்திரைக்கு அடங்காத இரத்த அழுத்தமும் இதோடு சேர்ந்தவையே. தூக்க மாத்திரை தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும்; மதுவும் அப்படியே. அல்பிரசோலத்தை நானாகச் சட்டென்று நிறுத்தாமல், மருத்துவர் சொன்னபடி மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். அந்த வகை மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அதுவே படபடப்பையும் தூக்கமின்மையையும் கொண்டுவரும்.

இதற்கு மருந்து மாத்திரையல்ல, ஒரு கருவிதான். சிபாப் என்கிறார்கள், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். முகமூடி, ஈரப்பதக் கலன் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் ஆனது. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், ஏனென்றால் முதலில் கொடுத்த வாயும் மூக்கும் மூடும் பெரிய முகமூடி என் மீசையால் பொருந்தாமல், இரவெல்லாம் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. மீசையை எடுப்பதா, முகமூடியை மாற்றுவதா என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. மூக்கை மட்டும் மூடுகிற சிறியது பொருந்தியதால் மீசை பிழைத்தது. ஈரப்பதக் கலனுக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும். மின்வெட்டு இன்னொரு தொல்லை. கருவி நின்றதும் முகமூடிக்குள் புழுக்கம் தாங்காமல் எழுந்துவிடுவேன். இப்போது படுக்கையறை பிளக்கை இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறேன். மூன்றாவது இரவே படபடப்பு நின்றது. முதல் வாரத்தின் கடைசியில் ஒருநாள் ஒருமுறைகூட எழாமல் காலை ஆறு மணிக்கு விழித்தபோது, ஏதோ தவறு நடந்துவிட்டதோ என்று நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். 94 இப்போது 87. ஒருக்களித்துப் படுக்கப் பழகியிருக்கிறேன். இரத்த அழுத்தமும் ஒரு மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது.

என் காரணமே எல்லோருக்கும் காரணமாக இருக்காது. படபடப்பு வந்தால் மணிக்கட்டில் விரல் வைத்து முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சீராக ஓடுகிறதா, தாறுமாறாக ஓடுகிறதா என்பதை மேசையில் விரலால் தட்டிக் காட்டும் அளவுக்குக் கவனியுங்கள். ஸ்விட்ச் போட்டதைப் போலத் தொடங்கி, அப்படியே சட்டென்று நிற்கிறதா, மெல்ல அடங்குகிறதா என்பதும் மருத்துவருக்கு முக்கியம். சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்பது இதயத்தின் மின்பாதையில் உள்ள கோளாறாக இருக்கலாம், அதற்கு வேறு சிகிச்சை. சளிக்கும் இழுப்புக்கும் போடுகிற மருந்துகள்கூட நெஞ்சைப் படபடக்க வைக்கும் என்பதால், கடையில் கேட்டு வாங்கியவை உட்பட எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்து வந்தால் குறிப்பெழுத உட்காராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். பக்கத்தில் படுப்பவரை ஒருமுறையாவது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தூக்கத்தில் நடப்பது நமக்குத் தெரியாது, அவர்களுக்குத்தான் தெரியும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், தூக்கப் பரிசோதனைக்கு முன் நான் செலவழித்தது 31,000 ரூபாய்க்கு மேல். சம்பளமில்லா விடுப்பு பதினொரு நாள்.

எங்கள் தொழிற்சாலை வேன் ஓட்டுநர் ஒருவர், என்னைவிடப் பருமனானவர், சிக்னலில் நிற்கும்போதே கண்ணயர்ந்துவிடுவார். அவரிடம் என் கதையைச் சொல்லி, மகனை விட்டு இரவில் பதிவு செய்யச் சொன்னேன். நேற்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் பதிவைக் கொண்டுவந்தார். குறட்டை நின்றதும் இருவரும் பேசாமல் எண்ணினோம். இருபத்து நான்கு வரை போனது. வரும் செவ்வாய்க்கிழமை அவருக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை வேனை வேறொருவர் ஓட்டட்டும் என்று மேலாளரிடம் எழுதியும் கொடுத்துவிட்டேன்.